வளர்த்த கை

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊற்றுவது அந்த ஆய்வகத்தின் வழக்கம். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து உண்டு. முன்பு ஊற்றினால் சோறு இறங்காது, பின்பு ஊற்றினால் சோறு தங்காது என்று சீனியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஊற்றுவது பிளீச்சிங் திரவம். எதன் மேல் என்றால், தட்டுகளில் வளரும் மூளைத் திசுவின் மேல்.

மதுரைக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டிய பல்கலைக்கழகம் அது. துறையின் பெயர் செல் மற்றும் வளர்ச்சி உயிரியல். ஒருவருடைய தோலில் கிள்ளியெடுத்த செல்லைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடியும் மூளையாக வளர வைப்பார்கள். மிளகு அளவில் தொடங்கிச் சுண்டைக்காய் அளவுக்கு வரும். உருண்டை என்றுதான் மாணவர்கள் அதைச் சொல்வார்கள். குறிப்பிட்ட வயதைத் தாண்டி வளரவிட்டால் அந்த உருண்டைக்குள் மின்துடிப்புகள் ஓர் ஒழுங்குக்கு வரும். வலித்தால் ஒரு மாதிரியும் ஊட்டம் கிடைத்தால் வேறு மாதிரியும் அது பதில் சொல்லத் தொடங்கும். அந்த இடத்துக்கு உணர்வுக்கோடு என்று சட்டம் பெயர் வைத்திருந்தது. கோட்டைத் தாண்டிய உருண்டை பொருள் அல்ல, உயிர். கொன்றால் சிறை. எந்தக் கை வளர்த்ததோ அந்தக் கையே அது உள்ளவரை காக்க வேண்டும்.

சட்டம் வந்த காலத்தில், பெற்றவள்தானே பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் பேச, அவையே மேசையைத் தட்டியதாம். காப்பகம் கட்டினால் அரசுக்குச் செலவு, ஆள் போட்டால் பல்கலைக்கழகத்துக்குச் செலவு. ஆய்வு மாணவியின் கைக்கு யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே எல்லாத் துறைகளிலும், உருண்டை கோட்டை நெருங்குவதற்கு ஒரு வாரம் முந்தியே ஊற்றிவிடுவார்கள். அறம் என்றால் அறம், சாமர்த்தியம் என்றால் சாமர்த்தியம்.

மங்கையர்க்கரசி அப்போது ஐந்தாம் ஆண்டில் இருந்தாள். ராஜபாளையத்துப் பெண், நூல் மில் மேஸ்திரியின் ஒரே மகள். ஆய்வு முடியும் தறுவாயில் இருந்தது. ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் அவளுக்கு இடம் வைத்துக் காத்திருந்தது. விருதுநகரில் ஒரு மாப்பிள்ளையும் காத்திருந்தார். கொடுத்து வைத்தவள் என்று சக மாணவர்கள் சொல்லும்படியான நிலைமைதான். கண் பட்டிருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஓர் அளவு எடுத்துக்கொள்வோம் என்று இரண்டு தட்டுகளை வெளியே எடுத்தாள். ஒன்று வலிப்பு நோய் உள்ள ஒரு சிறுவனின் செல்லில் வளர்ந்தது. மற்றது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயில்லாத ஒருவரின் செல்லில் வளர்ந்தது. மின்முனைகளைப் பொருத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். சிறுவனின் உருண்டை கோட்டைத் தாண்டியிருந்தது. நோயே அதை வேகமாக முதிர வைத்திருக்க வேண்டும். அவ்வளவு தெளிவான அலையை அதுவரை எந்தப் பாடத்திலும் அவள் பார்த்ததில்லை. மகிழ்ச்சி வரவில்லை.

அறையில் வேறு யாரும் இல்லை. பேசாமல் அதன் மேலும் ஊற்றியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் ஊற்றியிருப்பார்கள். அப்படி ஊற்றியவர்கள் உண்டு என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் மங்கை அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள். தட்டுகளை இன்குபேட்டரில் திருப்பி வைத்துவிட்டு நேராகத் தன் கைடு தணிகைவேலின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சொல்லிட்டே. இனி நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது," என்றார். "என்ன ஆகும்னு புரியுதாம்மா? தினமும் உன் கையாலதான் ஊட்டத் திரவம் மாத்தணும். உன் ரேகை வெச்சாத்தான் அதை வெக்கிற காப்புப் பெட்டி திறக்கும். வேற ஆள் தொட்டா குற்றம்."

"எத்தனை நாளைக்கு சார்?"

"அது இருக்கிற வரைக்கும். அஞ்சு வருஷமோ அம்பது வருஷமோ, யாரு கண்டா? இதுக்கு முன்னாடி இதை யாரும் சாகற வரைக்கும் வளர்த்துப் பாக்கலையே."

மங்கை திரும்பி வந்தாள். அந்தத் தட்டைக் காப்புப் பெட்டிக்கு மாற்றினாள். மற்ற தட்டுகளில் வழக்கம்போல ஊற்றிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கைகழுவப் போனாள். நாட்டில் முதன்முதலாகப் பதிவான காப்பாளர் ஆனாள். பத்திரிகையில் படம் வந்தது. அவளுடைய உருண்டையின் அலைதான் மற்ற எல்லா உருண்டைகளையும் அளக்கும் படியாக, அளவுகோலாக ஆயிற்று.

அதன் பிறகு வாழ்க்கை என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. ஜெர்மனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. விருதுநகர் மாப்பிள்ளை நல்லவர்தான். அதைக் கையோடு எடுத்துவர முடியாதா என்று இரண்டு முறை கேட்டார், மூன்றாம் முறை அவருடைய அக்கா கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னாள். ஆய்வேட்டையும் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் பட்டம் வந்துவிடும், பட்டம் வந்தால் மாணவி இல்லை, மாணவி இல்லையென்றால் ஆய்வகத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. அப்பா இறந்தபோது ராஜபாளையம் போனாள். சொந்தக்காரர்கள் வந்து சேர நேரமாகிவிட்டதால் எடுக்கும்வரை அவளால் இருக்க முடியவில்லை. அம்மா அதற்காக அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உருண்டைக்கு மறுபடி மின்முனை வைத்துப் பார்க்கவும் வழியில்லை. ஒப்புதல் இல்லாமல் ஓர் உயிரைச் சோதிப்பது குற்றம். ஒப்புதல் சொல்ல அதற்கு வாய் இல்லை. ஆக, பழுப்புநிறத்தில் அசையாமல் கிடக்கும் ஒன்றுக்கு அவள் நாள்தோறும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை விட்டாள். முதல் வருடம் அதை வெறுத்தாள், செத்துத் தொலையேன் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று சொல்லியும் இருக்கிறாள். அப்படிச் சொன்னது அதற்கு வலித்திருக்குமோ என்று மறுநாள் அழுதாள். அடுத்த வருடம் பேசத் தொடங்கினாள். மெஸ்ஸில் சாம்பார் தண்ணியாக இருந்தது, வெளியே மழை, அம்மாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டே சொல்வாள். கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்ற நினைப்புதான் அவளைப் பைத்தியமாகாமல் காத்தது.

இரண்டு வருடம் கழித்து அதே துறையில் பெனிட்டாவும் மாட்டிக்கொண்டாள். திண்டுக்கல்காரி, கல்யாணமாகிக் கர்ப்பமாக இருந்தவள். பேறுகாலத்துக்குப் போன நேரத்தில் ஊற்ற வேண்டிய தட்டு ஒன்று, மற்ற தட்டுகளோடு சேர்த்து ஊட்டம் வாங்கிக்கொண்டு, பின்வரிசையில் தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது கோட்டைத் தாண்டியிருந்தது. குழந்தை மாமியாரிடம் திண்டுக்கல்லில், தாய் மதுரையில் உருண்டையிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார். பெண் பிள்ளை. பேச்சு வந்ததும் அது மாமியாரை அம்மா என்றது, பெனிட்டாவை ஆன்ட்டி என்றது. பெனிட்டா அன்றைக்கு ஹாஸ்டல் அறையில் மங்கையின் மடியில் தலைவைத்து அழுத அழுகையை மங்கை மறக்கவே இல்லை. இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் கஞ்சி வைத்தாள். கூடப் பிறந்திருந்தால்கூட அவ்வளவு ஒட்டுதல் இருந்திருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கருவி வந்தது. தொடாமல், துளைக்காமல், பெட்டிக்கு வெளியே வைத்தாலே போதும், உள்ளே இருக்கும் துடிப்பைக் கேட்டுச் சொல்லிவிடும். மாணவர்கள் அதற்கு ஸ்டெதாஸ்கோப் என்று பெயர் வைத்தார்கள். தொடாததால் உருண்டையின் ஒப்புதல் தேவையில்லை, காப்பாளர் சம்மதித்தால் போதும். முதலில் எதன் மேல் வைப்பது என்ற கேள்விக்கே இடமில்லை. நாட்டுக்கே படியான உருண்டை மங்கையுடையதுதானே. அவள் மகிழ்ச்சியோடு சம்மதித்தாள். இத்தனை நாள் பேசியதற்கு ஒரு பதிலாவது கேட்கலாம் என்று ஆசை.

கருவிக்கு ஒன்றும் கேட்கவில்லை. திருப்பி வைத்தார்கள், இடம் மாற்றி வைத்தார்கள். திரையில் நேர்கோடு. உணர்வில்லை என்று உறுதியானதும் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். அது எப்போதுமே கோட்டை எட்டியதில்லை, எட்டக்கூடிய அமைப்பே அதில் உருவாகவில்லை என்று சொன்னார்கள். இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் ஆணையத்திலிருந்து வந்திருந்த அதிகாரி குலசேகர் சாந்தமான மனிதர். அவளுக்குக் கைகொடுத்து வாழ்த்தினார். "இன்னொண்ணு மேடம், இது அந்தப் பையனோட செல் இல்ல. ஒப்பீட்டுக்கு வெச்சிருந்தீங்களே, அது. எங்கயோ பெயர் மாறியிருக்கு. அதனால ஒண்ணும் இல்ல, விடுங்க," என்றார்.

அவருக்கு ஒன்றும் இல்லைதான். மங்கை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

செல் வளர்க்கும் இடங்களில் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. தட்டின் எண்ணைத் தட்டின் அடியில் எழுது, மூடியில் எழுதாதே. மூடிகள் எல்லாம் ஒரே அளவு, கழற்றினால் எது எதனுடையது என்று தெரியாது. எல்லோரும் தலையாட்டுவார்கள், எல்லோரும் மூடியில்தான் எழுதுவார்கள். அடுக்கி வைத்தால் கண்ணில் படுவது மூடிதான். கையுறை போட்ட கையோடு தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. மங்கையும் மூடியில்தான் எழுதினாள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடந்தன. மின்முனைகளை எடுத்தபோது அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. மூடிகளை மாற்றிப் போட்டது பார்க்காமல் வேலை செய்த கைதான்.

ஆக, இத்தனை வருடம் அவள் காத்தது வெறும் சதை. உணர்ந்தது எதுவோ, அதன் மேல் அன்று மத்தியானமே பிளீச்சிங் திரவத்தை ஊற்றியிருக்கிறாள். அது வலியை உணரும் என்று திரையில் பார்த்த பிறகு, தன் கையால்.

ஆணையம் வெகுவேகமாக வேலை செய்தது. படியாக வைத்திருந்த அலையே பொய் என்றால் மற்ற அலைகளும் பொய்தான், கருவிக் கோளாறை உணர்வு என்று நம்பிவிட்டோம் என்று அறிக்கை தயாரானது. சட்டத்தைத் திரும்பப் பெறவும், நாடு முழுக்க இருக்கும் உருண்டைகளை அழிக்கவும் பரிந்துரை. அதற்கு முன் காப்பாளர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்பது சடங்கு. தென் மாவட்டங்களுக்கான கூட்டம் மங்கையின் பல்கலைக்கழகத்திலேயே ஏற்பாடாயிற்று.

மங்கை தணிகைவேலிடம் போய் மூடியைப் பற்றிச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு தடவை உண்மையச் சொன்ன. என்ன கிடைச்சுது?" என்றார். "நீ சொன்னா உனக்கு ஜெயில். அதுவும் போகட்டும். எத்தனை பிள்ளைங்க இதுல கட்டுண்டு கிடக்குதுங்க, அதுங்களும் வெளிய வர முடியாது. ஒரு சுண்டைக்காய்க்காக."

"மத்த உருண்டைங்க எல்லாம் நிஜமாவே உணர்ந்துச்சுன்னா சார்?"

"உணர்ந்தா என்னம்மா? கோழி உணரலையா, ஆடு உணரலையா?" என்றார். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. அவள் சொல்வதைத் தான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த முறை கேட்காத மாதிரி இருக்க அவருக்கு முடிந்தது.

பெனிட்டாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். மங்கை அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடைய உருண்டையின் மேல் கருவியை ஒரு தடவை வைத்துப் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். துடிப்பு கேட்டால் ஆணையத்தின் அறிக்கை நிற்காது, மற்ற உருண்டைகள் எல்லாம் பிழைக்கும். பெனிட்டா சட்டைக் கையை மடித்தபடியே, குழந்தையைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் பேசியாயிற்று, பொங்கலுக்கு வீட்டில் இருப்பதாக மாமியாரிடம் சொல்லியாயிற்று என்றாள். மங்கை மறுபடி கேட்டாள்.

"வேணாங்க்கா," என்றாள் பெனிட்டா. "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? மனசு எதையாவது கட்டிக்கிட்டு அழும். விடுங்க."

கூட்டம் செனட் மண்டபத்தில் நடந்தது. காப்பாளர்கள் எல்லாம் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஊருக்குப் போகும் பையோடே வந்திருந்தார்கள். மங்கை எழுந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் ஒரு உயிரைக் கொன்றவள், தண்டனை கொடுங்கள், ஆனால் அந்த அலை பொய் இல்லை என்று சொன்னாள். முகம் மலர்ந்திருந்தவர்கள் அவளை முறைத்தார்கள்.

குலசேகர் பொறுமையாகக் கேட்டார். "அந்த மூடி இருக்கா மேடம்?"

"அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சு சார்."

"உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்னா, உணர்வுள்ள ஒண்ணு செத்திருக்கணும். அப்படி ஒண்ணு இருந்ததே இல்லன்னுதானே இப்ப முடிவாயிருக்கு? காப்பாளர்களுக்கு இந்தக் குற்ற உணர்ச்சி வரும்னு டாக்டருங்க எழுதியே குடுத்திருக்காங்க."

"வேற ஒரு உருண்டையில வெச்சுப் பாருங்க சார். ஒண்ணே ஒண்ணு."

அவர் மண்டபத்தைப் பார்த்து, காப்பாளர் யாராவது சம்மதிக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. பிறகு பெனிட்டா எழுந்து நின்றாள். சம்மதிக்கத்தான் எழுகிறாள் என்று மங்கை நினைத்தாள்.

"சார், அக்கா ரொம்ப நாளா சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. அந்த உருண்டையோட உக்காந்து பேசிக்கிட்டே இருப்பாங்க. நான் பக்கத்துலயே இருந்து பாத்தவ. அவங்களுக்கு உடம்புக்கு முடியல சார். தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

அவ்வளவுதான். அக்கறையான குரலில் சொன்னாள், எல்லோரும் இரக்கத்தோடு மங்கையைப் பார்த்தார்கள். பைத்தியம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மறுநாள் அம்மா ராஜபாளையத்திலிருந்து வந்து, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் மாத்திரை எழுதினார். மங்கை அம்மாவுக்காக அதை விழுங்கினாள்.

சட்டம் போயிற்று. அடுத்த மாதம் முதல் ஊட்டத் திரவம் வருவதை நிறுத்திவிட்டார்கள். காப்புப் பெட்டிகளைக் காலி செய்து தரும்படி துறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், வேறு ஆய்வுக்கு வேண்டுமாம். பெனிட்டாவின் உருண்டையைத் தன்னிடம் கொடுத்துவிடும்படி மங்கை கேட்டுப் பார்த்தாள். தணிகைவேல் தலையைக் குனிந்துகொண்டு, கொடுத்தால் மட்டும் எதை ஊற்றி வளர்ப்பாய் என்று கேட்டார். பிளீச்சிங் ஊற்றாவிட்டால் அது பட்டினி கிடந்துதான் சாக வேண்டும்.

மேசையைக் காலி செய்ய மங்கை கடைசியாகத் துறைக்கு வந்த அன்று, பெனிட்டா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் பிளீச்சிங் பாட்டில். ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் கார் நின்றது. மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பெனிட்டா அப்படி நிற்கிறாளோ, பாட்டிலின் மூடிகூடத் திறக்கவில்லை. கூட்டத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

மங்கை அவளைக் கடந்து போய்த் தன் மேசை இழுப்பறையை ஒழித்தாள். பழைய கையுறைப் பெட்டி, சீப்பு, ஒரு கோவில் திருநீற்றுப் பொட்டலம். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா," என்றாள் பெனிட்டா.

மங்கை நின்றாள்.

"நீங்க ஊத்துறீங்களா? உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்குல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று பெனிட்டாவுக்கே உறைத்தது. அவள் உதடு கோணியது. பாட்டிலைப் பார்த்தபடி சொன்னாள். "அன்னைக்கு ரூம்ல சொன்னீங்களே, அப்பவே நம்பிட்டேங்க்கா. அதான் கருவி வைக்க விடல."

ஒரே ஒரு ஆளாவது நம்ப மாட்டாரா என்று எத்தனையோ நாளாக ஏங்கியவளுக்கு அந்த ஆள் கிடைத்துவிட்டாள். மங்கைக்குக் கோபம் வரும் என்று தோன்றியது, வரவில்லை. கத்த வேண்டும் போல் இருந்தது, அதுவும் முடியவில்லை. வெளியே குழந்தை எதற்கோ கெக்கலித்துச் சிரித்தது.

அவள் பெனிட்டாவின் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

"நீ போ. பிள்ளை தேடும்," என்றாள்.

பெனிட்டா திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை மங்கை காத்திருந்தாள். பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டு, இன்றைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி என்று பெட்டிக்குள் இருந்ததிடம் மெதுவாகச் சொன்னாள்.